48 டிஷ் எண்டையும் ஒன்றாகப் போட்டுவிடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பேட்டை தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் ஒன்று, இரண்டு என்று ஏர் ரிசீவர் (அழுத்தக் காற்றைச் சேர்த்து வைக்கும்) தொட்டிகள் செய்து கொடுத்து வருகிறோம். அதற்கு வேண்டிய டிஷ் எண்டை (தொட்டியின் இரு முனையையும் மூடும் குழிந்த மூடி) ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடி மட்டும் திருச்சியில் சொல்லிப் போட்டு வாங்குவோம். இப்போது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் அரிசி ஆலைகளுக்குக் கலர் சார்ட்டர் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும்) இயந்திரம் கொடுக்கும் வியாபாரி ஒருவர் வருஷத்துக்கு 24 தொட்டி கேட்கிறார். 1000, 1500, 2000 லிட்டர், ஒவ்வொன்றிலும் 8. எல்லாம் சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தத்துக்கு. நாங்கள் வழக்கமாக இவற்றை முறையே 1000, 1100, 1200 மி.மீ. விட்டத்தில் செய்வோம். பிரஸ் வைத்திருப்பவர் ஒரு லாட்டுக்குச் செட்டிங் கூலி 6,000 ரூபாய், அதற்கு மேல் ஒன்றுக்கு 4,000 ரூபாய், பிளேட் எங்களுடையது என்கிறார். 48 டிஷ்ஷையும் மொத்தமாகப் போட்டுவிடு என்கிறார் மச்சான். ஆர்டர் வர வரச் செய்தால் போதும் என்கிறார் அப்பா. பழைய பிரஸ் ஒன்றும் விலைக்கு வருகிறது. அதையே வாங்கிவிடலாமா?

பதில்:

தம்பி, வணக்கம். மொத்தமா, ஒவ்வொன்றா என்று முடிவெடுக்கும் முன்னால் உங்கள் கடிதத்தில் இருக்கும் இன்னொரு விஷயத்தைப் பேசிவிடுவோம். மூன்று கொள்ளளவுக்கு மூன்று விட்டம் ஏன்? அதை மாற்றினால் உங்கள் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஒரு தொட்டியின் கொள்ளளவைக் கூட்டவும் குறைக்கவும் ஷெல்லின், அதாவது நடுவில் இருக்கும் உருளையின், உயரத்தை மாற்றினால் போதும். மூன்றையுமே 1200 மி.மீ. உள்விட்டத்தில் செய்யுங்கள். 2-க்கு 1 நீள்வட்ட டிஷ் என்றால் குழிவின் ஆழம் விட்டத்தில் கால் பங்கு, அதாவது 300 மி.மீ. இப்படிப்பட்ட இரண்டு டிஷ்ஷும் சேர்ந்து சுமார் 452 லிட்டர் கொள்ளும். நடுவில் நேராக இருக்கும் பகுதி மீட்டருக்கு 1131 லிட்டர் கொள்ளும். ஆக 1000 லிட்டருக்கு 485 மி.மீ., 1500-க்கு 927, 2000-க்கு 1369 மி.மீ. நேர் உயரம் வேண்டும். டிஷ்ஷிலேயே வரும் நேர் விளிம்பு மேலும் கீழும் 40 மி.மீ. என்று வைத்து 80-ஐக் கழித்தால், நீங்கள் உருட்ட வேண்டிய ஷெல் 405, 847, 1289 மி.மீ. மூன்றுமே 1500 மி.மீ. அகல பிளேட்டுக்குள் அடங்கிவிடும். நடுவில் சுற்று வெல்டிங் தேவையில்லை.

1000 லிட்டர் தொட்டி குட்டையாக இருக்குமே, தகடு கூடச் செலவாகுமே என்று தோன்றலாம். நான் போட்டுப் பார்த்தேன். 1000 மி.மீ. விட்டத்தில் செய்தால் டிஷ், ஷெல் எல்லாம் சேர்த்து சுமார் 5.1 சதுர மீட்டர் தகடு. 1200-இல் செய்தால் சுமார் 4.95. தடிமனும் இரண்டுக்கும் 8 மி.மீ.தான் வரும். வட்டம் பெரிதாவதால் மூலைத் துண்டு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆலையில் தொட்டி நிற்கும் இடம் மட்டும் சற்று அகலமாக வேண்டும். அதை வியாபாரியிடம் இப்போதே சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

இதனால் என்ன லாபம்? மூன்று விட்டத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு லாட் போட்டால் வருஷத்தில் 12 செட்டிங், 72,000 ரூபாய். ஒரே விட்டமானால் 4 செட்டிங், 24,000 ரூபாய். ஒரு வியாபாரப் பேச்சும் பேசாமல், ஒரு புது மெஷினும் வாங்காமல் 48,000 ரூபாய் மிச்சம்.

சரி, இப்போது லாட்டின் அளவுக்கு வருவோம். தோசைக்கல் காய்வதற்கு ஆகும் நேரம் ஒரு தோசைக்கும் அதேதான், பத்துக்கும் அதேதான். செட்டிங் கூலியும் அப்படி. டை, பஞ்ச் மாற்றுவது, விளிம்பு மடிக்கும் ஃபிளாஞ்சிங் மெஷினில் ரோலரைச் சரி செய்வது, முதல் பீஸைப் போட்டு டெம்ப்ளேட் (வளைவைச் சரிபார்க்கும் மாதிரித் தகடு) வைத்துப் பார்ப்பது எல்லாம் அந்த 6,000-இல் அடக்கம். ஒரே ஒரு டிஷ் போட்டால் கூலி 10,000. நான்கு போட்டால் ஒன்றுக்கு 5,500. எட்டில் 4,750. பன்னிரண்டில் 4,500. 48-ஐயும் போட்டால் 4,125. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது ஒரு டிஷ்ஷுக்கு 4,500 ரூபாய் குறைகிறது. பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டுக்குப் போகும்போது குறைவது வெறும் 375. பேரம் பேசுகிறவர்கள் கடைசி விலையை மட்டும் காட்டுவார்கள். உங்கள் மச்சான் மயங்கியதும் அதில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், வாங்கி அடுக்கிய இரும்பு சும்மா இருப்பதில்லை, வட்டி தின்னும். 8 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 62.8 கிலோ. 1200 டிஷ்ஷுக்கு வெட்ட வேண்டிய வட்டம் சுமார் 1480 மி.மீ., அதாவது பிளேட்டில் 1500-க்கு 1500 சதுரம், 141 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பிளேட் மட்டும் 8,460 ரூபாய். கூலியும் சேர்த்து ஒரு டிஷ் சுமார் 12,500. 48-ஐயும் இன்றைக்கே போட்டால் 6 லட்சம் ரூபாய் பட்டறை மூலையில் உட்கார்ந்துவிடும். மாதம் நான்காகக் குறைந்துகொண்டே வந்தாலும் வருஷம் முழுக்கச் சராசரியாக 3 லட்சம் முடங்கும். ஓவர் டிராஃப்ட் வட்டி 14 சதவீதம் என்றால் 42,000 ரூபாய். செட்டிங் 6,000-ஐயும் சேர்த்து 48,000.

அப்பா சொல்கிறபடி தொட்டிக்கு ஒரு ஜோடி என்று போட்டால் 24 செட்டிங், 1,44,000 ரூபாய். வட்டி ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். எட்டு எட்டாகப் போட்டால் செட்டிங்கும் வட்டியும் சேர்த்து 43,000. பன்னிரண்டில் 34,500. பதினாறில் 32,000. இருபத்துநான்கில் 33,000. அப்புறம் ஏற ஆரம்பித்துவிடும். இந்தக் கணக்குக்கு ஒரு வர்க்கமூலச் சூத்திரமே உண்டு. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் போட்டது. வருஷத் தேவையை இரண்டால் பெருக்கி, செட்டிங் கூலியால் பெருக்கி, ஒரு பீஸுக்கு ஒரு வருஷம் ஆகும் வட்டியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் எண்களுக்கு 18 வருகிறது. அந்த 18-க்குச் சற்று இப்படியும் அப்படியும் செலவு பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் இதில் நமக்கு உதவும் விஷயம். அதனால் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் கீழேயே நின்று, பன்னிரண்டு பன்னிரண்டாகப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு லாட், ஆறு தொட்டி. 1500-க்கு 6300 பிளேட்டில் சரியாக நான்கு வட்டம் விழும். மூன்று பிளேட்டில் வேலை முடிந்துவிடும்.

கீழே நிற்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லாட்டில் ஒரு தப்பு நடந்தால் அது எல்லாப் பீஸிலும் நடக்கும். ஒற்றை டிஷ்ஷில் நக்கிள் (குழிவு விளிம்பை நோக்கித் திரும்பும் வளைவு) மெலிந்துபோனால் ஒரு தகடு போச்சு. 48-இல் மெலிந்தால் ஆறு டன்னுக்கு மேல் இரும்பு போச்சு. அதோடு "வருஷத்துக்கு 24" என்பது இன்னும் வாய்ப்பேச்சுதான். ஆலைக்காரர்கள் அறுவடையைப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார்கள். காரும் பிசானமும் அணைத் தண்ணீரைப் பொறுத்தவை. ஒரு பருவம் தள்ளிப்போனால் உங்கள் தொட்டியும் தள்ளிப்போகும். வியாபாரியிடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எத்தனை தொட்டி என்று எழுதி வாங்குங்கள். முதல் லாட்டின் பிளேட் பணத்தையாவது முன்பணமாகக் கேளுங்கள்.

இனி, லாட்டாகப் போடுவது டிஷ்ஷை மட்டும்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வட்டம் வெட்டுவது, அழுத்துவது, விளிம்பு மடிப்பது வரைதான் மொத்தமாகச் செய்யலாம். குழாய் பொருத்தும் நாஸில் ஓட்டை, வடிகால் ஓட்டை, மேன்ஹோல், கால் வைக்கும் பேட் எல்லாம் தொட்டிக்குத் தொட்டி மாறும். கையில் ஆள் சும்மா இருக்கிறாரே என்று பன்னிரண்டிலும் ஒரே மாதிரி ஓட்டை போட்டு வைத்துவிடக் கூடாது. ஓட்டை இல்லாத டிஷ் எந்தத் தொட்டிக்கும் ஆகும். ஓட்டை போட்டுவிட்டால் அது ஒரு தொட்டிக்கு மட்டும்தான்.

ஷெல்லையும் முன்கூட்டி உருட்ட வேண்டாம். டிஷ் வந்ததும் நேர் விளிம்பில் வெளிச்சுற்றை டேப் வைத்து அளந்து எண்ணை அதன்மேலேயே எழுதி வையுங்கள். விட்டத்தை அளந்தால் ஏமாந்துவிடுவோம், டிஷ் கொஞ்சம் முட்டையாக இருந்தாலும் தப்புக் காட்டும். சுற்றளவு அப்படி ஏமாற்றாது. 1200 உள்விட்டத்துக்கு, 8 மி.மீ. தகட்டில் வெளிச்சுற்று 3820 மி.மீ. வர வேண்டும். சுற்றில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 1 மி.மீ., ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. கூட்டல் கழித்தல் 5 மி.மீ.க்குள் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒரே லாட்டில் வந்த டிஷ்களைச் சுற்றளவு பார்த்து ஜோடி சேர்த்து, அந்த ஜோடிக்கு ஷெல்லை வெட்டினால் வெல்டர் தகட்டைத் தட்டிப் பொருத்தவே வேண்டியதில்லை. ஒரு ஜோடி மட்டும் வாங்கினால் இப்படிப் பொறுக்கிச் சேர்க்க வழியில்லை. லாட்டால் கிடைக்கும் இந்த நன்மையைக் கூலிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

எந்த வகை டிஷ் என்று நீங்கள் எழுதவில்லை. நான் 2-க்கு 1 நீள்வட்டம் என்று வைத்துச் சொல்லியிருக்கிறேன், அதையே போடுங்கள். ஆழம் குறைந்த டோரிஸ்பெரிக்கல் வகையில் வட்டம் சிறிதாகும், கூலியும் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் நக்கிள் ஆரம் விட்டத்தில் 6 சதவீதம் மட்டும் உள்ள டிஷ்ஷுக்கு உங்கள் அழுத்தத்தில், 138 மெகாபாஸ்கல் அனுமதித் தகைவும் 0.85 வெல்ட் திறனும் எடுத்துக்கொண்டால், சுமார் 8.9 மி.மீ. வேண்டும். 2-க்கு 1 வகைக்கு 5 மி.மீ. போதும், ஷெல்லுக்கும் அதே 5 மி.மீ.தான். இதற்கு மேல் துருவுக்கு ஒன்றரை மி.மீ., அழுத்தும்போது நக்கிளில் மெலிவதற்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் என்று சேர்த்துத்தான் 8 மி.மீ. தகடு சொன்னேன். நக்கிளில் உலோகம் நீள்வதையும் பார்க்க வேண்டும். 2-க்கு 1 வகையில் சுமார் 3 சதவீதம், 6 சதவீத நக்கிளில் சுமார் 8. 5 சதவீதத்தைத் தாண்டினால் வெப்பச் சீராக்கல் தேவையா என்று கோடில் (அழுத்தத் தொட்டிக்கான விதித்தொகுப்பில்) பார்க்க வேண்டிவரும். எதற்கு அந்த வம்பு?

தட்டையான தகட்டை மூடியாக வைத்து வெல்டு அடித்த ஏர் டேங்குகளை நம் பக்கத்தில் இன்னும் பார்க்கிறேன். இதே 1200 விட்டத்துக்கு, இதே 10 கிலோவுக்குத் தட்டை மூடி என்றால் சுமார் 60 மி.மீ. தடிமன் வேண்டும். பத்து மி.மீ. தகட்டில் அப்படி ஒன்றை வைத்து ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும் ஆட்களின் உயிரோடு விளையாடுகிறார்கள். யார் கேட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும் அதை மட்டும் செய்து கொடுக்காதீர்கள்.

பழைய பிரஸ்ஸை வாங்க வேண்டாம். டிஷ் எண்டுக்குப் பிரஸ் மட்டும் போதாது. குழிவைப் பிரஸ் போடும், விளிம்பை மடிக்கத் தனியாக ஃபிளாஞ்சிங் மெஷின் வேண்டும். இரண்டையும் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் 48 டிஷ்ஷும் அதில் வருஷத்தில் சில நாள் வேலைதான். மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும், தவணை மட்டும் நிற்காது. அந்தப் பணத்தில் நல்ல பிளேட் ரோலிங் மெஷினும், தடிமன் பார்க்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் ஒன்றும் வாங்கினால் எல்லா ஜாப்புக்கும் உதவும்.

அப்பா சொன்னதைத் தள்ளிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றையாகச் செய்ய வேண்டிய வேலைகளும் உங்களிடம் வரும். தூத்துக்குடிப் பக்கத்தில் ஏதோ ஒரு ஆலையில் பழைய தொட்டியின் அடி டிஷ் அரித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பார்கள். அந்த ஷெல்லின் சுற்றளவு என்னவோ அதற்குத்தான் டிஷ். கையிருப்பில் இருப்பது பொருந்தாது. அதை ஸ்பின்னிங் முறையில் (தகட்டைச் சுழற்றி ரோலரால் வளைப்பது) போடுகிறவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஸ்பின்னிங்கில் அளவுக்கு ஒரு டை வேண்டியதில்லை, ஒரே ரோலர் பல விட்டத்துக்கும் வேலை செய்யும். ஒன்றுக்கான கூலி கூடினாலும் மொத்தத்தில் அதுவே மலிவு.

அந்த மாதிரி ஆலைகளில் பெரும்பாலும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கேட்பார்கள். எம்எஸ் (சாதாரண எஃகு) அழுத்திய டையில் துடைக்காமல் எஸ்எஸ் போட்டால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாளில் துருப்புள்ளி கிளம்பும். அதனால் எஸ்எஸ் ஜாப்பை எம்எஸ் லாட்டோடு சேர்த்து அனுப்பாதீர்கள். வந்த பிறகு பிக்ளிங், பேஸிவேஷன் (அமிலத்தால் சுத்தம் செய்து துருத் தடுப்பு ஏற்றுவது) செய்து கொடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 304 எஸ்எஸ்ஸைக் குளிராக அழுத்தி மடித்தால் நக்கிள் பகுதி லேசாகக் காந்தத்தை இழுக்கும். சில வாடிக்கையாளர்கள் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு "இது எஸ்எஸ்ஸே இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். மில் டெஸ்ட் சான்றிதழை எடுத்துக் காட்டி, நடுக்குழிவிலும் காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இழுப்பு குறைவாக இருக்கும்.

சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. லாட்டில் பலர் கோட்டைவிடும் இடம் இது. பிளேட்டில் ஹீட் நம்பர் (எந்த உருக்கிலிருந்து வந்த எஃகு என்று காட்டும் எண்) ஒரு மூலையில்தான் இருக்கும். வட்டங்களை வெட்டியதும் அந்த நம்பர் ஸ்கிராப்போடு போய்விடும். அப்புறம் பன்னிரண்டு டிஷ்ஷும் எந்தத் தகட்டிலிருந்து வந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. கேஸ் கட்டரை வைக்கும் முன்னாலேயே ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நம்பரைப் பஞ்ச் செய்யச் சொல்லுங்கள். ஆலையில் நிற்கும் அழுத்தத் தொட்டிக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தகுதி பெற்ற ஆய்வாளர் வந்து கேட்கும்போது உங்கள் வாடிக்கையாளர் கையில் காகிதம் இருக்க வேண்டும். நீராவிக் கொதிகலனுக்கு டிஷ் கேட்டால் இந்த லாட்டிலிருந்து ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்காதீர்கள். அதற்கு ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை) விதிப்படி தனி அனுமதி, தனிச் சோதனை எல்லாம் உண்டு.

மூலைத் துண்டைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு டிஷ்ஷுக்கு 33 கிலோ வீதம் ஒரு லாட்டுக்கு ஏறக்குறைய 400 கிலோ. பிளேட் உங்களுடையது என்றால் துண்டும் உங்களுடையதுதான். கால், கஸெட், தூக்கும் காது எல்லாம் அதிலேயே வந்துவிடும். திருச்சியிலிருந்து சுமார் 300 கி.மீ. வருகிற வண்டியில் டிஷ் 1,300 கிலோ இருக்கும், இதையும் சேர்த்து ஏற்றிவிடலாம்.

வந்த டிஷ்களைக் கவிழ்த்து அடுக்குங்கள், நடுவில் மரச்சட்டம் வையுங்கள். மல்லாத்தி வைத்தால் ஐப்பசி மழையில் ஒவ்வொன்றும் ஒரு குளம். வெளியே பிரைமர் அடிக்கலாம். வெல்டு வரும் விளிம்பில் மட்டும் 50 மி.மீ. விட்டுவிடுங்கள்.

முதல் லாட்டில் பன்னிரண்டையும் ஒரேயடியாக அழுத்த விடாதீர்கள். முதல் பீஸ் முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, நீங்களே திருச்சிக்குப் போய்ப் பாருங்கள். முழு அகலத்துக்கு டெம்ப்ளேட் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். குழிவு டெம்ப்ளேட்டிலிருந்து வெளிப்பக்கம் 15 மி.மீ.க்கு மேலும், உட்பக்கம் 7.5 மி.மீ.க்கு மேலும் விலகக் கூடாது. அதிகபட்ச விட்டத்துக்கும் குறைந்தபட்ச விட்டத்துக்கும் வித்தியாசம் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நக்கிளைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் பாருங்கள். எங்கேயும் 6.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. போனால் மீதிப் பதினொன்றையும் அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த எட்டு எண்களையும் சுற்றளவையும் எனக்கு எழுதுங்கள்.